உப்புவெளி செட்டும் குமிழைத் திருகிய கையும்

அந்தோனியைப் பற்றி எழுதித் தரும்படி இரண்டு பேர் வந்து கேட்டார்கள். நகரத்தில் றேடியோ, கசெட், டெலிவிசன் திருத்துகிறவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். வால்வு றேடியோக் காலத்தைப் பற்றி அதில் ஒரு கட்டுரை வேண்டுமாம்.

"நீங்கள் அவருக்குப் பக்கத்தில இருந்து வேலை செய்த ஆள்தானே ஐயா," என்றார்கள்.

பக்கத்தில் இல்லை. பின்னால். அவனுக்கு முன்மேசை. எனக்குப் பின்மேசை. நடுவில் ஒரு பலகைத் தட்டி.

அந்தோனியைப் பற்றி எழுத ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். அதில் அந்தோனி வருவான். அவன் வராமல் எழுத ஏலாது. எனக்கு இளையவன், ஆகையால் அவன் என்றே எழுதுகிறேன்.

நான் சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. எங்கள் ஆட்களுக்குக் கடல்தான் தொழில். எனக்கு வள்ளத்தில் ஏறினால் வாந்தி. அதனால் கபூர் முதலாளியின் கடையில் கொண்டுபோய் விட்டார்கள். கடை உட்துறைமுகப் பக்கம் இருந்தது. பவர் ஹவுஸ் கூப்பிடு தூரம். முதலாளி கிண்ணியா ஆள். வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்டில் கப்பல் வயர்லெஸ் திருத்தியவர். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது பங்களாக்களில் இருந்த செட்டுகளையெல்லாம் விற்றுவிட்டுப் போனான். ஊர் முழுக்க வால்வு றேடியோ. முதலாளி கடை திறந்தார். நான் முதலில் தூசி தட்டினேன். பிறகு ஈயம் உருக்குகிற அயனைச் சூடாக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஈயம் ஒட்ட விட்டார். நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

இந்த ஊரில் றேடியோவைக் கெடுப்பது உப்புக் காற்று. பின்மூடியைக் கழற்றினால் செப்பெல்லாம் பச்சை பூத்திருக்கும். பெற்றோலில் பிரஷைத் தோய்த்து முதலில் அதைக் கழுவ வேண்டும். கழுவின இடம் காயும் வரை அயனைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. பிறகு வயரின் நுனியைப் பிளேட்டால் சுரண்ட வேண்டும். புதுச் செம்பு தெரியும் வரை சுரண்ட வேண்டும். நுனியைக் கொக்கி போல வளைத்து, செட்டில் இருக்கும் தகட்டுக் காதில் மாட்டி, குறட்டால் நெரிக்க வேண்டும். ஈயம் இல்லாமலே அது நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஈயம். ஈயத்தைச் சூடாக்குவது பிழை. இணைப்பைச் சூடாக்கினால் ஈயம் தானாக உருகி உள்ளே ஓடும். ஓடினதும் அயனை எடுத்துவிட்டு, ஈயம் இறுகும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். அசைந்தால் மங்கிப்போகும். மங்கினது ஒருநாள் விட்டுப்போகும்.

நான் ஒட்டினது மங்காது. இதை மட்டும் என்னைப் பற்றி நானே சொல்வேன்.

முதலாளி அதிகம் கதைக்க மாட்டார். செட்டுக்குள் வலது கையை மட்டும் விடுவார். இடது கையை முதுகுக்குப் பின்னால் சாரத்தில் செருகியிருப்பார். "ரெண்டு கையையும் விட்டா கறண்ட் நெஞ்சால போகும் மனே," என்று ஒரேயொரு முறை சொன்னார். மறுமுறை சொல்லவில்லை, என் இடது கையில் குறட்டால் அடித்தார். நான் ஒட்டி முடித்த செட்டை வாங்கி, ஒவ்வொரு இணைப்பையும் ஒரு வளைந்த ஊசியால் இழுத்துப் பார்ப்பார். நல்லது என்று சொன்னதே இல்லை. பின்மூடியை எடுத்துத் தன் கையால் ஆணி பூட்டினால் பாஸ் என்று அர்த்தம். மூடியை என் பக்கம் தள்ளினால் மறுபடி கழற்ற வேண்டும். எனக்குத் தள்ளினது குறைவு. அந்தோனிக்குத் தள்ளினதுதான் கூடுதல்.

முதலாளியின் கடையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, திருத்தின செட்டைக் காலையில் கடை திறக்கும்போது பாட விட்டு, மாலையில் பூட்டும் வரை நிறுத்தாமல் பாட விடுவது. நாள் முழுக்கப் பாடினால்தான் வீட்டுக்குப் போகும். மற்றது, சொந்தக்காரர் வந்து எடுக்கும்போது குமிழைத் திருகிப் பாட வைத்துக் காட்டுவது. எவன் பிழையைக் கண்டுபிடித்தானோ அவன்தான் திருக வேண்டும். ஒட்டினவன் அல்ல. கண்டவன். கப்பலில் அப்படித்தான் வழக்கம் என்று முதலாளி சொல்வார். உண்மையோ தெரியாது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். வால்வு செட் திருகின உடனே பாடாது. வால்வுகள் சூடேற வேண்டும். முதலில் ஒன்றும் இராது. பிறகு உள்ளே சிவப்புத் தெரியும். பிறகு ஒரு உறுமல். அதற்குப் பிறகுதான் பாட்டு. அந்த இடைவெளியில் சொந்தக்காரருக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை. குமிழில் இருக்கும் கையைப் பார்ப்பார். பிறகு கைக்காரனின் முகத்தைப் பார்ப்பார். அந்த முகம் அவருக்கு மறக்காது. ஊருக்குப் போய் அந்தப் பெயரைத்தான் சொல்வார்.

அந்தப் பெயர் அந்தோனி.

அவன் எனக்குப் பிறகு வந்தவன், முதலாளியின் முன்மேசை ஓரத்தில் இருந்து செட் பார்ப்பான். நகரத்துக் கோயில் பாடற்குழுவில் பாடுகிறவன். செட்டை மேசையில் வைத்ததும் கழற்ற மாட்டான். தலையைச் சாய்த்துக் கேட்பான். பென்சிலின் கட்டையால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவான். ஸ்பீக்கர் பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போவான். ஓரிடத்தில் நிற்பான். "இங்க," என்பான். நான் மீற்றரை எடுத்து முள் ஆடி முடிக்குமுன் அவன் பென்சில் போய் நின்றுவிடும். மீற்றரும் பிறகு அதே இடத்தைத்தான் காட்டும். பிறகு செட் தட்டிக்குப் பின்னால் என்னிடம் வரும். நான் கழுவுவேன், சுரண்டுவேன், ஒட்டுவேன். மூடி பூட்டி முன்னால் போகும். சொந்தக்காரர் வருவார். அந்தோனி திருகுவான். பாட்டு வரும். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் அடுத்த செட்டைக் கழுவிக்கொண்டிருப்பேன்.

அவனே ஒட்டினால் காகம் எச்சம் இட்டது போல இருக்கும். அதைப் பார்க்கிறவர்கள் இல்லை. மூடிக்குள் இருக்கும்.

பக்கத்தில் செல்லத்துரையின் தையற்கடை. அவர் வாய் சும்மா இராது. "ராசையா, அந்தோனி டொக்டர். நீ காயத்துக்கு மருந்து கட்டுற ஆள். சம்பளம் ஒண்டெண்டாலும் மாலை டொக்டருக்குத்தான் விழும்," என்பார்.

அந்தோனி அதற்கும் சிரிப்பான். "மச்சான் இல்லாட்டி என்ர நோயாளி எல்லாம் செத்துப்போவான் அண்ணை," என்பான். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். மீன் கறி கொண்டுவந்தால் பாதி எனக்கு. அவனை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் அவன் தரவில்லை. அதுவும் அவன்மேல் எனக்கிருந்த கோபந்தான்.

முதலாளியின் கண்ணில் பூ விழுந்தது. சின்ன ஆணிகள் தெரியாமல் போயின. ஒருநாள் கடை பூட்டும்போது சொன்னார். "நோன்புக்குப் பிறகு நான் வீட்டில இருக்கப்போறன். உங்கள் ரெண்டு பேரில ஒராள் என்ட முன்மேசைக்கு வரோணும்."

முன்மேசை என்றால் செட்டை முதலில் திறக்கிறவன். என்ன நோய் என்று சொல்கிறவன். சொந்தக்காரரோடு கதைக்கிறவன். கடையின் முகம். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த மேசை வேண்டும். அந்தோனி அதில் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே ஆசைதான்.

அந்த நேரத்தில்தான் உப்புவெளி செட் வந்தது.

பொன்னம்மா அக்கா உப்புவெளியில் கருவாட்டு மொத்த வியாபாரம். அவரிடம் ஒரு பெரிய ஜெர்மன் செட். முகப்பில் பச்சைக் கண் இருக்கும். ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால் கண் சுருங்கும். அவர் வியாபாரம் முடித்து, குளித்து, பொழுதுபட்டதும் கதிரையில் சாய்ந்து பாட்டுக் கேட்கிறவர். அந்த நேரத்தில் செட் ஊமையாகும். கண் பச்சையாக எரியும், சுருங்காது. இரைச்சல் மட்டும் கேட்கும். காலையில் திருகினால் பாடும்.

அந்தோனி பார்த்தான். தட்டினான். கேட்டான். எல்லா இடமும் சுத்தம். சந்தேகத்துக்கு இரண்டு கொன்டென்சர் மாற்றச் சொன்னான். மாற்றினேன். கடையில் நாள் முழுக்கப் பாடியது. வீட்டுக்குப் போனது. பொழுதுபட ஊமை. திரும்பி வந்தது. வால்வுகளைச் சோதிக்கிற பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டோம். எல்லாம் நல்லது என்றது. நான் இணைப்புகள் அத்தனையையும் கழற்றிப் புதிதாக ஒட்டினேன். கடையில் பாடியது. வீட்டில் ஊமை. திரும்பி வந்தது.

பொன்னம்மா அக்கா கடை வாசலில் நின்று கத்தினார். "என்ன முதலாளி, உங்கட கடையைப் பார்த்தால் பாடுது, என்ர மூஞ்சையைப் பார்த்தால் வாயை மூடுது. நான் என்ன மாமியாரோ?"

செல்லத்துரை மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தெரு முழுக்கச் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. "இந்தச் செட் சரியாகாமல் நான் வீட்டுக்குப் போக மாட்டன்," என்றார். அப்படியானால் இதைச் சரிபண்ணுகிறவனுக்குத்தான் மேசை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தோனி மேசையில் தலையை வைத்துக் கேட்டபடி இருந்தான். அவன் காதுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவன் பென்சில் நிற்க இடம் தெரியாமல் அலைந்ததை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

நான் செட்டை யோசிக்கவில்லை. வீட்டை யோசித்தேன். நோய் செட்டில் என்றால் கடையிலும் வர வேண்டும். வரவில்லை. அப்படியானால் வீட்டில் என்ன இருக்கிறது? வேலை முடிய சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். அந்தோனியிடம் சொல்லவில்லை. பொன்னம்மா அக்கா தேத்தண்ணி தந்தார். "செட் அங்க கிடக்குது, நீங்கள் இங்க வந்து எதைத் திருத்தப்போறியள்?" என்று கேட்டார்.

"சும்மா பார்க்க வந்தனான் அக்கா."

கதிரையில் இருந்தேன். பொழுதுபட்டது. விளக்குப் போட்டார்கள். பல்ப் நன்றாகத்தான் எரிந்தது. பின்னால் ஐஸ் பெக்டரி இருந்தது. அங்கே மோட்டரைப் போட்டார்கள், சத்தம் கேட்டது. பல்ப் மஞ்சளானது. பழுத்த பாக்கு நிறம்.

"எப்பவும் இப்பிடித்தானோ அக்கா?"

"ஓம். வள்ளம் கரைக்கு வந்தால் ஐஸ் வேணுமெல்லோ. விடிய முதல் நிப்பாட்டிப் போடுவினம்."

தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை. சைக்கிளில் ஏறிவிட்டேன்.

உப்புவெளி கறண்ட் லைனின் கடைசி. மோட்டர் இழுத்தால் வீட்டுக்கு வருவது குறையும். எங்கள் கடை பவர் ஹவுசுக்குப் பக்கத்தில். எங்களுக்குக் குறைந்ததே இல்லை. அதிலும் நாங்கள் செட்டைப் பாட விட்டது பகலில். வால்வு சோதிக்கிற பெட்டியும் எங்கள் கறண்டில்தான் ஓடியது. இத்தனை வருடமும் நல்ல கறண்டில் வைத்துச் சோதித்து, எல்லாம் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை செல்லத்துரையிடம் போய்க் கறண்ட் இஸ்திரிப்பெட்டியை இரவல் கேட்டேன்.

"றேடியோ அவ்வளவு கசங்கிப்போச்சோ?" என்றார்.

செட்டுக்குப் போகும் வயரை வெட்டி இடையில் இஸ்திரிப்பெட்டியைக் கட்டினேன். கறண்ட் அதற்குள்ளால் போய்த்தான் செட்டுக்கு வர வேண்டும். வரும்போது குறையும். கடைக்குள்ளேயே உப்புவெளி. குமிழைத் திருகினேன். கண் பச்சையாக எரிந்தது. சுருங்கவில்லை. இரைச்சல் மட்டும்.

முதலாளி எழுந்து வந்தார். அந்தோனியும் வந்தான்.

வால்வு செட்டில் முதல் வால்வுக்குத் தனி வேலை. உள்ளே ஒரு அலையை அதுவே உண்டாக்கி, வெளியிலிருந்து வரும் அலையோடு கலக்க வேண்டும். அது நின்றால் ஸ்டேஷன் இல்லை. அந்த வால்வு கிழடாகியிருந்தது. முழுக் கறண்ட் இருந்தால் வேலை செய்யும். குறைந்தால் நின்றுவிடும். புது வால்வைச் செருகினேன். இஸ்திரிப்பெட்டி கட்டினபடியே இருந்தது. கண் சுருங்கியது. கொழும்பு பாடியது.

அந்தோனி என் தோளில் அடித்தான். "காதால கேக்க ஏலாததைக் கண்டிட்டாய் மச்சான்," என்றான். முதலாளி மூடியை எடுத்துத் தடவித் தடவி ஆணி பூட்டினார். எல்லா ஆணியும்.

செட்டை இந்த முறை வீட்டில்தான் பாட வைத்துக் காட்ட வேண்டும் என்றார் முதலாளி. பொழுதுபடுகிற நேரத்தில், மோட்டர் ஓடும்போது. ஹயர் கார் பிடித்து மூன்று பேரும் போனோம். நான் வெள்ளைச் சேட் போட்டிருந்தேன். பொன்னம்மா அக்கா அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு வைத்திருந்தார். பல்ப் மஞ்சளாக எரிந்தது.

"அந்தோனித் தம்பி, வாங்கோ. நீங்கள் போடுங்கோ. உங்கட கை ராசியான கை," என்றார்.

"என்ர கை இல்லை அக்கா. இதைக் கண்டது ராசையா. அவர்தான் போடோணும்."

"ஆர், பின்னால இருக்கிற தம்பியோ?"

நான் முன்னால் போய்க் குமிழைத் திருகினேன். கையை எடுக்காமல் நின்றேன். அந்த இடைவெளியில் கையைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள் என்று மேலே எழுதினேன். பொன்னம்மா அக்கா அந்தோனியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்தாரும் அவனைத்தான் பார்த்தார்கள். உள்ளே சிவந்தது. உறுமல் வந்தது. பாட்டு வந்தது. கண் சுருங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"பாருங்கோவன்," என்றார் பொன்னம்மா அக்கா. "அந்தோனி கூட்டிக்கொண்டு வந்த ஆளும் நல்லாத்தான் செய்திருக்கிறார்."

காரில் திரும்பி வரும்போது அந்தோனி, "நீ பெரிய ஆள் மச்சான்," என்றான். அதைப் பொய்யாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உண்மையாகச் சொன்னான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நோன்பு முடிந்தது. முதலாளி என்னைத் தட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"முன்மேசை அந்தோனிக்கு."

"உப்புவெளி செட்டை நான்தானே கண்டனான் முதலாளி."

"ஓம். நீதான் கண்டாய்."

"பிறகு என்ன?"

"அவன் ஒட்டினது திரும்பி வரும் மனே. நீ ஒட்டினது வராது. உன்னை முன்னுக்கு இருத்தினா இங்க ஆர் இருக்கிறது? கடை எதில நிக்கிறது?"

அது புகழ்ச்சி என்று எனக்கு விளங்கியது. அத்தனை வருடத்தில் அவர் வாயால் கேட்ட ஒரே புகழ்ச்சி. அதை வைத்துத்தான் மேசையை எனக்கு இல்லாமல் செய்தார். வேலையைக் கொஞ்சம் கெடுத்துச் செய்திருந்தால் முன்னால் இருந்திருப்பேன். அடுத்த நாளும் வந்தேன். கழுவினேன், சுரண்டினேன், ஒட்டினேன். ஒன்றையும் மங்க விடவில்லை. மங்க விட எனக்குத் தெரியாது.

முதலாளி காலமானார். மகன் கடையை நடத்தினார். ட்ரான்சிஸ்டர் வந்தது. அந்தோனி முன்னால் இருந்தான், நான் பின்னால் இருந்தேன். பிறகு அவன் அரபு நாட்டுக்குப் போனான். போகும்போது தன் பென்சிலை என்னிடம் தந்தான். மேசை லாச்சிக்குள் போட்டேன். முன்மேசை எனக்கு வந்தது. யாரும் தரவில்லை. ஆள் இல்லாததால் வந்தது. செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "அந்தோனி இல்லையோ?" என்பார்கள். "இல்லை," என்பேன். சிலர் வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் பிறகு வருகிறோம் என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் வேலையை விட்ட வருடம் ஒருவர் ஒரு ஜெர்மன் செட்டைக் கொண்டுவந்தார். பச்சைக் கண் வைத்தது. பொன்னம்மா அக்காவின் மருமகன். ஸ்டேஷன் முள்ளை இழுக்கிற நூல் அறுந்துபோயிருந்தது, வேறொன்றும் இல்லை.

"கவனமாய்த் தொடுங்கோ ஐயா," என்றார். "இது அந்தோனி பார்த்த செட். பொழுதுபட்டால் ஊமையாய் இருந்ததை அவர்தான் பேச வைச்சவர் எண்டு மாமி இப்பவும் சொல்லுவா."

பின்மூடியைக் கழற்றினேன். முதலாளி பூட்டின ஆணிகள் அப்படியே இருந்தன. உள்ளே இருக்கும் செஸித் தகட்டைத் திருப்பினேன். தூசி இருந்தது. ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. இணைப்புகளில் பூக்கவில்லை. ஒவ்வொன்றும் நேற்று ஒட்டினது போலப் பளபளத்தது. நான் மாற்றின வால்வும் இருந்தது.

நூலை மாற்றினேன். மூடியைப் பூட்டினேன். அவர் பக்கம் செட்டைத் திருப்பி வைத்தேன்.

"இதை நான்தான் செய்தனான்," என்றேன். "அந்தோனி இல்லை. நான்."

அவர் என்னைப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார்.

"அப்பிடியோ ஐயா. நீங்கள் அந்தோனியிட்டயோ வேலை பழகினனீங்கள்?"

நான் குமிழைத் திருகினேன். ஒன்றும் இல்லை. உள்ளே சிவந்தது. உறுமல் வந்தது. அவர் பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை. பாட்டு வந்தது. பாட்டு வந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.